தோட்டமும் காரும் இல்லாமல், வீட்டுப் பக்கத்திலேயே ஆஸ்திரேலியச் செடிகளையும் உயிர்களையும் பார்ப்பது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதை என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதம் முன்பு திருச்சியிலிருந்து சிட்னிக்கு வந்து, வெண்ட்வொர்த்வில்லில் இரண்டாவது மாடி யூனிட்டில் இருக்கிறீர்கள். தோட்டம் இல்லை, கார் இல்லை. எட்டு வயது மகளுக்கு இந்த ஊர் மரம், பறவை, விலங்குகளைக் காட்ட வேண்டும். என்ன புத்தகம், என்ன பைனாகுலர் வாங்குவது, பாம்புக்கும் சிலந்திக்கும் பயப்பட வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், "எல்லாமே புதிதாக இருக்கிறது, எதைப் பார்க்கிறோம் என்றே தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அந்த வரிதான் என்று நினைக்கிறேன். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். பைனாகுலர் அப்புறம்.

நான் எதை வைத்துப் பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருநெல்வேலியில் தாவரவியல் முதுகலை படித்தவன். பத்தொன்பது ஆண்டுகளாகச் சிட்னியின் மேற்குப் பகுதியில் இருக்கிறேன். அதில் பன்னிரண்டு ஆண்டுகளாக, மாதம் ஒரு சனிக்கிழமை ஓடைக்கரையில் களை பிடுங்கி, இந்த மண்ணுக்குரிய செடிகளை நடும் தன்னார்வக் குழுவில் வேலை செய்கிறேன். செடிகளைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். பறவைகள் பார்த்துப் பார்த்துப் பழகியவை. பூச்சி, சிலந்தி விஷயத்தில் நான் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவன்.

எல்லாமே புதிது என்கிறீர்கள். அப்படி இல்லை. உங்கள் கண்ணுக்கு ஏற்கெனவே பழக்கமான மூன்று பேர் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்: தைலமரம், மைனா, குயில். இந்த மூன்றை ஒழுங்காகப் பார்த்தாலே இந்த ஊரின் பாதிக் கதை விளங்கிவிடும்.

முதலில் தைலமரம். நீலகிரியில் தைலம் வடிக்கும் மரம் யூகலிப்டஸ் குளோபுலஸ். அது டாஸ்மேனியா, விக்டோரியா பக்கத்து மரம், சிட்னிக்குரியது இல்லை. ஆனால் புதுக்கோட்டைச் சாலையில் பஸ்ஸில் போகும்போது இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக நிற்குமே, அந்தச் சமவெளித் தைலமரத் தோப்புகளுக்கு மூலமான முக்கிய இனம் யூகலிப்டஸ் டெரெடிகார்னிஸ். இங்கே அதன் பெயர் ஃபாரஸ்ட் ரெட் கம். நீங்கள் இப்போது குடியிருக்கும் மண்தான் அதன் சொந்த மண். நம் ஊரில் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று விவசாயிகள் திட்டும் அதே மரத்தை, இங்கே எங்கள் குழு நாற்றங்காலின் சின்னக் குழாய்த் தொட்டியிலிருந்து எடுத்து, முயல் கடிக்காமல் உறை போட்டு, தண்ணீர் ஊற்றி வளர்க்கிறது. வரிசையில் நட்டு ஏழெட்டு வருடத்தில் வெட்டும் தோப்பு வேறு. நூறு, நூற்றைம்பது வருடம் நின்று, கிளை முறிந்த இடங்களில் பொந்து விழுந்து, அந்தப் பொந்துகளில் கிளியும் காக்கட்டு என்ற கொண்டைக்கிளியும் பொசம் என்ற மரமேறிப் பைவிலங்கும் குடியிருக்கும் மரம் வேறு. முதல் தடவை அப்படி ஒரு கிழட்டு மரத்தின் அடியில் நின்றபோது, இத்தனை நாள் இந்த மரத்தை நான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. மகளுக்கும் அப்படி ஒரு மரத்தைக் காட்டுங்கள்.

யூகலிப்டஸ் வகைகளை அடையாளம் காண்பதில் இலையை நம்பாதீர்கள். ஒரே மரத்தில் இளசான இலை அகலமாகவும் முதிர்ந்த இலை அரிவாள் மாதிரி நீண்டும் இருக்கும். பட்டை, மொட்டு, காய் மூன்றையும் பாருங்கள். உங்கள் பகுதியின் பழைய காடு மூன்று மரங்களைச் சுற்றி இருந்தது. ஃபாரஸ்ட் ரெட் கம்மின் தண்டு வழவழப்பாக, சாம்பலும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக உரியும். கிரே பாக்ஸ் மரத்துக்கு அடித்தண்டில் சொரசொரப்பான பட்டை, மேலே கிளைகள் வழவழப்பு. அயர்ன்பார்க் கறுத்து, ஆழமாகப் பிளவுபட்டு, கையால் தட்டினால் பெயரைப் போலவே இரும்பாக இருக்கும். மரத்தடியில் உட்கார்ந்து மண்ணில் கிடப்பதைப் பொறுக்கினால் இன்னும் நல்லது. ரெட் கம் பூக்கும் காலம் குளிர்காலக் கடைசியும் வசந்தமும், அதாவது இப்போது, இந்த ஆகஸ்ட் கடைசியில். மொட்டின் தலையில் சின்னக் கொம்பு மாதிரி நீளமான ஒரு தொப்பி இருக்கும். பூ விரியும்போது அந்தத் தொப்பி கழன்று விழும். இந்தப் பூவுக்கு விரிந்த இதழ் கிடையாது. தொப்பி விழுந்ததும் உள்ளே சுருண்டிருந்த வெள்ளை மகரந்த இழைகள் குஞ்சம் போல எழுந்து நிற்கும். 'நன்றாக மூடப்பட்டது' என்பதுதான் யூகலிப்டஸ் என்ற கிரேக்கச் சொல்லின் பொருள். அந்த மூடி இந்தத் தொப்பிதான். ஒரு தொப்பியை விரல் நுனியில் மாட்டிக் காட்டினால் எந்தக் குழந்தையும் மறக்காது.

இதில் எவ்வளவு உறுதி என்றால், மொட்டும் காயும் பட்டையும் சேர்ந்து கிடைத்தால் உங்கள் பகுதியில் பெரும்பாலான மரங்களை நான் பெயர் சொல்லிவிடுவேன். ஒரு இலையின் படம் மட்டும் அனுப்பினால் சொல்ல மாட்டேன். யூகலிப்டஸ்கள் தங்களுக்குள் கலப்பவை. சில மரங்களின் கீழே நின்று அனுபவசாலிகள் இரண்டு பேர் இரண்டு பெயர் சொல்வதை நானே பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'ஆஸ்திரேலிய மரம்' என்பதும் 'இந்த இடத்து மரம்' என்பதும் வேறு வேறு. உங்கள் தெருவில் மின்கம்பிக்கு அடியில் நடுவே வெட்டிக் கவட்டை மாதிரி விட்டிருக்கும் பிரஷ் பாக்ஸ் மரம் ஆஸ்திரேலிய மரம்தான், ஆனால் வடக்கே நியூ சவுத் வேல்ஸ் எல்லைப் பக்கமும் குயின்ஸ்லாந்தும் அதன் ஊர். ஏற்காட்டிலும் வால்பாறையிலும் மிளகுக்கொடி படரவிடும் சில்வர் ஓக்கும் அந்தப் பக்கத்து மரமே. நவம்பரில் ஊதாப் பூவாய் உதிரும் ஜகரண்டா தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. வெண்ட்வொர்த்வில், டூங்காபி, பிளாக்டவுன் எல்லாம் உட்கார்ந்திருப்பது கம்பர்லாந்து சமவெளி என்ற களிமண் நிலத்தில். அந்தச் சமவெளிக் காட்டில் பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. மிக அருகிவிட்ட காட்டு வகை என்று மத்திய, மாநிலச் சட்டங்கள் இரண்டும் பட்டியலிட்டிருக்கின்றன. அதன் துண்டுகள்தான் உங்கள் ஓடைக்கரையிலும் ரயில் பாதை ஓரத்திலும் நிற்கின்றன. அங்கே முழங்கால் உயரத்தில் செம்பழுப்பாகக் கதிர் தொங்கவிட்டு நிற்கும் கங்காரு புல்லைக் கண்டால் கொஞ்சம் நின்று பாருங்கள். தெமெடா ட்ரையாண்ட்ரா என்ற இந்தப் புல் இனம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் முளைக்கிறது. நான் எம்.எஸ்ஸி. படித்தபோது மலையில் சேகரித்து, அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டிய புல் அது. டூங்காபி ஓடைக்கரையில் முதன்முதலாகக் கண்டபோது ஊர்க்காரர் ஒருவரைச் சந்தித்த மாதிரி இருந்தது.

அடுத்து மைனா. இதில் நான் செய்த தவறைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் "மைனர்" பறவை தொல்லை என்றார். நான் நம் ஊர் மைனா என்று நினைத்து, அது வெளியிலிருந்து வந்த பறவை, கூட்டைக் கலைத்தாலும் தப்பில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் சொன்னது நாய்சி மைனர். உடம்பு சாம்பல், தலையில் கறுப்பு, மஞ்சள் அலகு, கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் தோல். அது ஹனிஈட்டர் என்ற, இந்த நாட்டுத் தேனுண்ணிக் குடும்பத்தைச் சேர்ந்த பறவை, சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. நம் மைனாவின் உடம்பு காப்பிப் பழுப்பு, பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டு தெரியும். அதை 1862-இல் மெல்போர்னுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அது இங்கே பொந்துகளுக்காக உள்ளூர்ப் பறவைகளோடு போட்டி போடுகிறது. பெயர் ஒரே மாதிரி ஒலிப்பதால் இந்தக் குழப்பம் பலருக்கும் வருகிறது. சாம்பலா பழுப்பா என்று மட்டும் பாருங்கள்.

நாய்சி மைனர் உள்ளூர்ப் பறவை என்பதால் அதனால் தொல்லை இல்லை என்று அர்த்தம் இல்லை. உயரமான மரங்கள், கீழே வெறும் புல்தரை, நடுவில் புதர் இல்லை என்றால் அந்த இடம் அதற்குச் சொர்க்கம். கூட்டமாகச் சேர்ந்து சின்னப் பறவைகளை ஒன்று விடாமல் விரட்டிவிடும். உங்கள் பக்கத்துப் பூங்காவில் சின்னப் பறவையே இல்லையே என்று தோன்றினால் பெரும்பாலும் இதுதான் காரணம். முள் நிறைந்த புதர்கள் உள்ள இடத்தில் நிலைமை மாறுகிறது. புர்சேரியா என்ற முட்செடி கோடையில் வெள்ளையாய்ப் பூக்கும். அதன் அடர்த்திக்குள் ஃபேரி ரென் என்ற வாலை நிமிர்த்தி வைத்திருக்கும் நீலச் சிட்டு தைரியமாக இருக்கும். அதனால்தான் முள் குத்தினாலும் பரவாயில்லை என்று நாங்கள் அதை நடுகிறோம். எங்கள் ஓடைக்கரையில் பெரும் தொந்தரவாகப் பரவும் களைகளில் ஒன்று லாண்டானா, நம் உண்ணிச்செடியேதான். ஆனால் அந்த உண்ணிச்செடிப் புதருக்குள்ளும் இதே நீலச் சிட்டு கூடு கட்டுகிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டினால் அதற்குப் போக்கிடம் இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அந்த இடத்தில் புர்சேரியா வளர்ந்த பிறகு மிச்சத்தை எடுப்போம்.

குயிலைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்த மனம் வராது. இங்குள்ள ஈஸ்டர்ன் கோயல் நம் குயிலின் அதே பேரினம். ஆண் கறுப்பு, சிவப்புக் கண். பெண் பழுப்பில் புள்ளியும் பட்டையும். நம் ஊரில் குயில் வருடம் முழுக்க இருக்கும், காக்கைக் கூட்டில் முட்டையிடும். இங்கே அது செப்டம்பர் வாக்கில் நியூகினி பக்கமிருந்து வந்து, மார்ச் வாக்கில் திரும்பிப் போகும். முட்டையிடுவது காக்கைக் கூட்டில் இல்லை. ரெட் வாட்டில்பேர்ட், மேக்பை லார்க் மாதிரிப் பறவைகளின் கூட்டில். போன ஜனவரியில் எங்கள் வேலியில் இதைப் பத்தடி தூரத்தில் பார்த்தேன். பழுப்புக் கோடு போட்ட குயில் குஞ்சு ஒன்று வேலி மேல் உட்கார்ந்து இடைவிடாமல் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. வளர்ப்புத் தாய் வாட்டில்பேர்ட் அதைவிட ஒல்லி. எதையோ கொண்டுவந்து ஊட்டும், குஞ்சு விழுங்கி முடிப்பதற்குள் பறந்து போகும், மறுபடி வரும். அரை மணி நேரத்தில் பதினொரு தடவை எண்ணினேன். கடைசியில் அது வேலிக் கம்பத்தில் உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கியது. குஞ்சு அப்போதும் கத்திக்கொண்டுதான் இருந்தது.

பயம் பற்றிக் கேட்டீர்கள். நியாயமான கேள்வி, மழுப்பாமல் சொல்கிறேன். மேற்குச் சிட்னியில் சிவப்பு வயிற்றுக் கரும்பாம்பும் பழுப்புப் பாம்பும் உண்டு, இரண்டும் விஷமுள்ளவை. வெயில் காலத்தில் ஓடைக்கரை உயரப் புல்லுக்குள் போகாமல் பாதையிலேயே நடங்கள். மூடிய ஷூ போடுங்கள். பாம்பைக் கண்டால் நின்று, பின்னால் நகர்ந்து, அதைப் போக விடுங்கள். இங்கே பாம்புகள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, அடிக்கக் கூடாது. பிடிக்கவோ அடிக்கவோ போய்க் கடி படுபவர்களும் உண்டு. கடித்தால் இடத்தைக் கழுவாமல், கடித்த கை அல்லது கால் முழுவதும் இறுக்கமாக பேண்டேஜ் சுற்றி, அசையாமல் வைத்து, 000 என்ற அவசர எண்ணுக்கு அழைக்க வேண்டும். ஃபனல்வெப் சிலந்திக் கடிக்கும் இதே முறைதான். ரெட்பேக் சிலந்திக்கு பேண்டேஜ் கூடாது, ஐஸ் ஒத்தடம் கொடுத்து மருத்துவரிடம் போக வேண்டும். ஃபனல்வெப் விஷத்துக்கு 1981-இல் மாற்று மருந்து வந்த பிறகு அந்தக் கடியால் ஒருவர்கூட இறக்கவில்லை. உங்கள் யூனிட் சுவரில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிலந்தி வந்தால் அது பெரும்பாலும் ஹன்ட்ஸ்மேன். பார்க்கத்தான் பயம், மனிதருக்குப் பெரிய ஆபத்து இல்லை. ஒரு டப்பாவால் மூடி, அடியில் அட்டையைச் செருகி வெளியே விட்டுவிடலாம். சிலந்திப் படத்தை எனக்கு அனுப்பினால் எந்தக் குடும்பம் என்று சொல்லப் பார்ப்பேன். எந்த இனம் என்று படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். காளான் படம் அனுப்பி சாப்பிடலாமா என்று கேட்டால் என் பதில் எப்போதும் 'வேண்டாம்' என்பதுதான்.

பாம்பு என்று நீங்கள் அலறக்கூடிய ஒன்று இருக்கிறது, அது பாம்பே இல்லை. நீலநாக்கு அரணை. அரை அடியிலிருந்து இரண்டடி நீளம், தடித்த உடம்பு, கால்கள் மிகச் சின்னவை என்பதால் புல்லில் கிடந்தால் கால் கண்ணில் படாது. பயந்தால் வாயைப் பிளந்து நீல நாக்கை நீட்டும். "அரணை கடித்தால் மரணம்" என்று பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அரணைக்கு விஷம் கிடையாது, அங்கேயும் இங்கேயும். இது நத்தை தின்று தோட்டத்தைக் காக்கும். முட்டையிடாமல் குட்டியே போடும். நத்தைக்கு வைக்கும் விஷ உருண்டை, அந்த நத்தையைத் தின்னும் இதையும் கொல்லும். உங்கள் யூனிட் வளாகத்தில் தோட்ட வேலைக்கு ஆள் வந்தால் இதை ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

தொடவே கூடாதது பழந்தின்னி வௌவால். பார்க்க மிக அழகு. பாராமட்டா பூங்காவில் ஆற்றோரம் சாம்பல்தலை வௌவால்களின் பெரிய குடியிருப்பு இருக்கிறது, உங்கள் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் சில நிமிடம்தான். சூரியன் மறைந்ததும் ஆயிரக்கணக்கில் கிளம்பும். இரவில் பல கிலோமீட்டர் பறந்து யூகலிப்டஸ் பூக்களின் மகரந்தத்தைச் சுமக்கின்றன. அடியில் நின்று பார்ப்பதில் ஆபத்து இல்லை. கீழே விழுந்து கிடந்தால் மட்டும் கை வைக்காதீர்கள். வெறிநாய்க்கடி நோயின் உறவான லிஸ்ஸாவைரஸ் மிகச் சில வௌவால்களில் உண்டு, கடியாலும் கீறலாலும் பரவும். தடுப்பூசி போட்ட வனவிலங்கு மீட்பாளர்களை அழையுங்கள், வயர்ஸ் என்ற தொண்டு அமைப்பு இதைத்தான் செய்கிறது.

சரி, பொருள்கள். புத்தகம் இப்போது வேண்டாம். பைனாகுலர் வாங்குவதானால் 8×42 அளவில் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) ஒன்று, அதுவும் மூன்று மாதம் கழித்து, ஆர்வம் நிலைத்தால். போனில் ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். படம் ஏற்றினால் பெயர் பரிந்துரைக்கும், பிறகு மனிதர்கள் சரிபார்ப்பார்கள். இயந்திரம் சொன்ன பெயரை மனிதர் ஒருவர் ஒப்புக்கொள்ளும் வரை ஊகமாகவே வையுங்கள். முக்கியமாக, வீட்டிலிருந்து எடுக்கும் படங்களுக்கு இடத்தை மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் உங்கள் முகவரி வரைபடத்தில் தெரியும். தவளைக்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் 2017-இல் தொடங்கிய ஃப்ராக்ஐடி என்ற செயலி இருக்கிறது. சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினால் நிபுணர்கள் கேட்டுப் பெயர் சொல்வார்கள். மழை பெய்த ராத்திரி ஓடைப் பக்கம் டென்னிஸ் பந்தை அடித்த மாதிரி 'டாக்' என்று கேட்டால் அது ஸ்ட்ரைப்ட் மார்ஷ் தவளையாக இருக்கும். அக்டோபரில் நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் நீங்களும் சேரலாம். இருபது நிமிடம் ஒரே இடத்தில் நின்று எண்ணினால் போதும், பால்கனியும் ஒரு இடம்தான்.

பால்கனியைச் சும்மா விடாதீர்கள். ஆழமில்லாத மண் தட்டில் தண்ணீர் வைத்து, பூச்சி ஏறி வர ஒரு குச்சி போடுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பறவைக்கு ரொட்டியோ சோறோ வைக்க வேண்டாம். நோய் பரவுகிறது, வலுத்த பறவைகள்தான் கூடுகின்றன. நம் ஊர் வழக்கத்தில் காக்கைக்குச் சோறு வைத்துப் பழகியவர்களுக்கு இது கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். பதிலாக ஒரு துளசிச் செடி வையுங்கள். துளசி இந்த நாட்டுச் செடி இல்லை, ஆனால் என் பால்கனித் துளசிக்குக் கோடையில் தினமும் நீலப் பட்டைத் தேனீ வருகிறது. வயிற்றில் மின்னும் நீல வரிகள். பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைத்து மகரந்தத்தை உதிர்க்கும், அப்போது குரல் ஒரு படி உயரும். பொழுது சாய்ந்ததும் ஆண் தேனீக்கள் காய்ந்த துளசிக் காம்பு ஒன்றை வாயால் கவ்விக்கொண்டு, வரிசையாகத் தொங்கியபடி தூங்கும். அதனால் காய்ந்த காம்புகளை ஒடித்துப் போடாமல் விட்டுவிடுவேன்.

கடைசியாக எப்படித் தொடங்குவது. ஓடைக்கரையில் பத்து நிமிட நடையில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள், மகளே தேர்ந்தெடுக்கட்டும். வாரம் ஒரு முறை அதே மரத்துக்குப் போங்கள். பட்டை, கீழே கிடப்பவை, மேலே யார் வந்தார்கள், மூன்றை மட்டும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் படம் வரையட்டும். இந்த மாதம் மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவை கூடு கட்டும் காலம். சில ஆண் பறவைகள் கூட்டருகே வருபவர்களின் தலையைக் குறிவைத்துப் பாயும், ஆறு வாரம் வரை இருக்கும். அப்படிப்பட்ட மரம் என்றால் வேறு மரம் பாருங்கள், அல்லது தொப்பி போட்டு வேறு பாதையில் சுற்றிப் போங்கள். இன்னும் மூன்று நான்கு வாரத்தில் ஒரு நாள், விடியற்காலை நாலு மணிக்கு உங்களுக்குத் தெரிந்த குரல் ஒன்று ஜன்னலுக்கு வெளியே ஏறி ஏறிக் கூவும். தூக்கம் கெட்டதென்று பக்கத்து வீட்டார் முணுமுணுப்பார்கள். மகளை எழுப்பிக் கேட்க வைத்து, அந்தத் தேதியை நோட்டில் எழுதி, இங்கேயும் வந்து சொல்லுங்கள். என் நோட்டில் பெரும்பாலும் செப்டம்பர் மூன்றாவது வாரம் என்று இருக்கிறது.